ஒற்றைத் துளை மடிக்கணினியும் அக்காவின் இடது காலும்

1

பிரான்சுக்கு வந்து இருபத்தைந்து வருடம் முடிந்துவிட்டது என்பது எனக்கு ஞாபகமில்லை. என் மகள் நஸ்ரினுக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணியில் கைவைக்கப் போன என்னை நிறுத்தி, மேசைமேல் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியை வைத்தாள். திறந்தால் உள்ளே ஒரு மடிக்கணினி. அப்பளத்துக்கு அலுமினிய உறை போட்டதுபோல இருந்தது.

நான் முதலில் பார்த்தது அதன் விலாவை. தொழில் பழக்கம். இடது பக்கம் ஒரு சின்னத் துளை இருந்தது. வலது பக்கம் திருப்பினேன், வழவழவென்று ஒன்றுமில்லை. பின்பக்கமும் ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் எங்கே என்று தமிழில் கேட்டேன். மற்றது எதற்கு என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். எங்கள் வீட்டில் பல வருடங்களாகப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. நான் ஒரு மொழியில் கேட்பேன், அவள் இன்னொரு மொழியில் பதில் சொல்வாள், புரிந்துவிட்டதாக இரண்டு பேரும் நடந்துகொள்வோம்.

அவள் வடிவமைப்புக் கல்லூரியில் படிக்கிறாள். இப்போது எல்லாமே காற்றில்தான் போகிறது, கம்பிகளெல்லாம் பழைய காலத்துச் சமாசாரம் என்று விளக்கினாள். கணினியின் தடிமனை மில்லிமீட்டரில் சொன்னாள், குழந்தையின் எடையைச் சொல்வதுபோல. மடிக்கணினி தடியாக இருந்ததால் யாருக்கும் உயிர் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அதை இளைக்கவைக்க உலகம் முழுக்கப் பெரிய மூளைகள் உட்கார்ந்து யோசித்திருக்கின்றன. யோசித்து, அதன் வாயையும் மூக்கையும் காதையும் அடைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டை விட்டிருக்கின்றன. சார்ஜ் ஏற்ற வேண்டுமா, அந்த ஓட்டை. பென்டிரைவ் செருக வேண்டுமா, அதே ஓட்டை, ஆனால் நடுவில் இன்னொரு துண்டு வேண்டும். அந்தத் துண்டை அவர்களே விற்பார்கள்.

என் பழைய கணினிக்கு நஸ்ரின் வைத்திருந்த பெயர் செங்கல். அதில் யூஎஸ்பி மூன்று, பெரிய திரைக்கு ஒன்று, இணையக் கம்பிக்கு ஒன்று, சீடி தட்டு, எல்லாம் இருந்தன. அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தேன். புதியதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது.

2

நான் வேலை பார்ப்பது பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன நகரத்தின் மேரியில். நகராட்சியைப் பாண்டிச்சேரியிலும் பழைய ஆட்கள் மேரி என்றுதான் சொல்வார்கள் என்பதால் அந்த ஒரு சொல்லை மட்டும் நான் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேரியின் அத்தனை கணினிகளையும் பழுதுபார்ப்பது என் வேலை என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. உண்மையில் நான் செய்வது அடாப்டர் இரவல் கொடுப்பது.

சில வருடங்களுக்கு முன்பு மேரியில் எல்லோருடைய கணினியையும் மெலிந்ததாக மாற்றினார்கள். அன்றிலிருந்து என் அறை வாசலில் வரிசைதான். கூட்ட அறையின் திரையில் படம் காட்ட முடியவில்லை, பென்டிரைவ் நுழையவில்லை என்று ஒவ்வொருவராக வருவார்கள். நான் ஒரு படிவம் கொடுப்பேன். பெயர், துறை, காரணம், துறைத் தலைவர் கையெழுத்து. துறைத் தலைவர் அடாப்டர் வாங்க வந்திருந்தால் அவருடைய தலைவரின் கையெழுத்து. கட்டைவிரல் நீளத் துண்டு ஒன்றுக்கு இவ்வளவு காகிதம். கையில் பிடிக்க இலேசாக இருக்கவேண்டும் என்று வாங்கிய கணினியோடு, ஆளாளுக்கு ஒரு பை நிறையத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

இதைப் பற்றி ஒருமுறை பணியாளர் கூட்டத்தில் எழுந்து பேசினேன். துளை என்பதற்குப் பிரெஞ்சில் சரியான தொழில்நுட்பச் சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. நம் ஊரில் சொல்வதுபோல ஓட்டை என்று நினைத்து, அதன் நேரடிச் சொல்லைப் போட்டு, "இந்த அம்மாளுக்கு ஒரே ஓட்டைதான்" என்ற அர்த்தத்தில் மேயரின் செயலாளருடைய கணினியைக் காட்டிச் சொல்லிவிட்டேன். கூட்டம் ஐந்து நிமிடம் நின்றுபோனது. இருபத்தைந்து வருடம் அந்த மொழியில் சாப்பிட்டுத் தூங்கியவன் நான். அந்த அம்மாள் இன்றும் என்னிடம் அடாப்டர் வாங்க வேறு யாரையாவதுதான் அனுப்புகிறார்.

இந்த இரவல் தொழிலால் ஒரு நன்மையும் நடந்தது என்று அப்போது நினைத்தேன். முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் பொதுமக்களுக்கு உரை நிகழ்த்த மேரிக்கு வந்திருந்தார். அவரிடமும் மெலிந்த கணினி. அரங்கம் நிறைந்து காத்திருக்க, திரை கறுப்பாக இருந்தது. நான் படிவம் எதுவும் கேட்காமல் ஓர் அடாப்டரைக் கொண்டுபோய்ச் செருகினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமென்றால் கேளுங்கள் என்றார். இப்படிச் சொல்பவர்கள் யாரும் நாம் கேட்போம் என்று எதிர்பார்ப்பதில்லை. நான் கேட்டேன்.

3

கேட்டது என் அக்கா மும்தாஜுக்காக. அத்தாவும் அம்மாவும் போனபிறகு பாண்டிச்சேரியில் எனக்கு மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான். மச்சானும் இறந்துவிட்டார். முல்லா வீதி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, புர்காவும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துக்கொடுக்கிறாள். இடுப்பில் ஆரம்பித்த வலி இடது கால் வரைக்கும் இறங்கி, மெஷினை மிதிக்க முடியாமல் போனபிறகுதான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதுகில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்று அங்கிருந்த டாக்டர் சொல்லி, தேதியும் கொடுத்திருந்தார்.

நான்தான் தொலைபேசியில் குதித்தேன். அவர்கள் கத்தியை எடுக்கத்தான் சொல்வார்கள், முதுகு விளையாட்டில்லை, இங்கே பெரிய டாக்டர் ஒருவர் எனக்குப் பழக்கம், அவரைக் கேட்காமல் படுத்துவிடாதே, நான் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். அடாப்டர் செருகிய ஐந்து நிமிடத்துக்குப் பெயர் பழக்கம். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. தேதியைத் தள்ளிவைத்தாள்.

லீவுக்கு ஒரு படிவம். அது வேறு துறைக்குப் போய்த் திரும்பிவந்தது. கோடையில் இன்னொருவர் லீவில் இருப்பதால் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். இரண்டு மாதம் போனது.

புறப்படும்போது பெட்டியில் எந்தக் கணினியை வைப்பது என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. பழைய செங்கலை எடுத்துக்கொண்டு ஊரில் இறங்க மனம் வரவில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் மெலிந்ததை எடுத்தேன். அடாப்டர் இரவல் கொடுத்தே வயிறு வளர்த்தவன், எனக்கென்று ஒன்று எடுத்துவைக்க மறந்தேன்.

4

பிரான்சு மருத்துவரின் நிபந்தனை ஒன்றே ஒன்று. ஸ்கேன் பிலிமைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினால் பார்க்கமாட்டார். அசல் படங்கள் வேண்டும். அதுவும் பழையது உதவாது, புதிதாக எடுத்ததாக இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நம் நேரம் மாலை நான்கு மணிக்கு, அவருடைய மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், கால் மணி நேரம் ஒதுக்கினார். அன்று மாலையே அவர் குடும்பத்தோடு மலைப்பக்கம் விடுமுறைக்குப் போகிறார். அதன்பிறகு மூன்று வாரம் அவரைப் பிடிக்க முடியாது.

புது ஸ்கேன் எடுத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போய் வாங்கிக்கொண்டேன். காகித உறைக்குள் ஒரு சீடி கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என் பையில் இருக்கும் அலுமினிய அப்பளத்தில் இதை எங்கே வைப்பேன்?

நேரு வீதிக்கு ஓடினேன். மூன்று கடை ஏறி இறங்கி, வெளியிலிருந்து மாட்டுகிற ஒரு சீடி டிரைவ் வாங்கினேன். அதன் வயர் பழைய பட்டைப் பின். அதை என் கணினியில் செருக ஓர் அடாப்டர் வேண்டும். அதுவும் வாங்கினேன். சார்ஜரையும் இதையும் ஒன்றாகச் செருகுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என் கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆர்டர் போட்டால் நாலு நாளில் வரும் என்றார். "எவ்ளோ குடுத்து வாங்கியிருப்பீங்க, ஒரு ஓட்டதான் வெச்சிருக்கான்" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். அன்று பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து எங்கள் வீதியில் கரண்ட் இல்லை. நானோ காலை முழுக்க மேரிக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அடாப்டர் வைத்திருக்கும் அலமாரியின் சாவி எங்கே என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். கணினியில் மிச்சமிருந்தது பதினோரு சதவீதம். டிரைவைச் செருகினேன். சீடி சுற்றத் தொடங்கியது, ஏதோ உறிஞ்சுகிற சத்தம் வந்தது, திரையில் எச்சரிக்கை வந்தது, இணைப்பு அறுந்தது. மறுபடி செருகினேன். மறுபடி அறுந்தது. அது தனக்கே மின்சாரம் போதாமல் இருக்கும்போது அடுத்தவனுக்குக் கொடுக்காது.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. டிரைவைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் செருகினேன். பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கி டிரைவைச் செருகினேன். பாதிப் படங்கள் வருவதற்குள் திரை அணைந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலிக்கும்போது அவள் துப்பட்டாவின் முனையை வாயில் கவ்விக்கொள்வாள். அப்படிக் கவ்விக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கணினியைச் செய்தவர்களைப் பிரெஞ்சில் திட்டினேன். அக்காவுக்குப் புரியக்கூடாது என்பதற்காக. அது ஒன்றுக்காவது அந்த மொழி உதவியது.

அப்போது வீட்டில் இன்னொருவரும் இருந்தார். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற தனம். காலை வியாபாரம் முடிந்ததும் அக்காவைப் பார்க்க வந்து, அவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போவது அந்த இரண்டு மாதமாக நடந்துவந்திருக்கிறது. எனக்கு அது அந்த வாரம்தான் தெரியும். தனம் சீடியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"எங்க சங்கத்துல ஒரு பொட்டி கெடக்குது தம்பி. பழசு. பட்டன அமுக்குனா தட்டு வெளிய வரும். எம் பொண்ணு கல்யாண சீடிய அதுலதான் போட்டுப் பாத்தோம்" என்றார்.

இன்னும் ஓடுகிறதா என்று கேட்டேன். டீசல் மானியத்துக்கு மனுப் போடுவது அதில்தான் என்றார். ஆட்டோ கூப்பிட்டேன். அக்கா தானும் வருவேன் என்றாள். டாக்டர் காலைப் பார்க்கவேண்டும் என்று சொன்னால் காலுக்கு எங்கே போவாய் என்று கேட்டாள். தனமும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி அவளை ஏற்றினோம்.

5

மீனவர் சங்கத்தின் அறை படகுகளுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி இருந்தது. செல்வி என்ற பெண் அங்கே எழுத்தராக இருக்கிறார். மூலையில் மேசைமேல் பூப்போட்ட துணியால் மூடிய கணினி. துணியை எடுத்தார்கள். பழுப்பேறிய பெரிய பெட்டி, முன்னால் நாலு துளை, பின்னால் எண்ணமுடியாத அளவு துளை, உப்புக்காற்றில் துருப்பிடித்த திருகுகள். செல்வி பொத்தானை அமுக்கியதும் தட்டு முக்கிக்கொண்டு வெளியே வந்தது. சீடியை வைத்தேன். விழுங்கிக்கொண்டது.

சங்கத்து இணையம் மெதுவாக இருந்தது. என் கைப்பேசியை வயர் போட்டு இணைக்கலாம் என்று பார்த்தால், என்னிடம் இருந்த வயரின் இரண்டு முனையும் மெலிந்த உலகத்துக்கு மட்டுமே பொருந்தும். செல்வி தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய வயரை எடுத்து நீட்டினார். நான்கு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது படங்கள் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தன.

என் கைப்பேசி கணினியோடு கட்டுண்டு கிடந்ததால், மருத்துவர் செல்வியின் கைப்பேசியில் தோன்றினார். படங்களைத் தன் திரையில் புரட்டிக்கொண்டே கேள்வி கேட்டார். நான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னேன். கால்விரல்களைத் தூக்கச் சொன்னார். தனம் கீழே உட்கார்ந்து கைப்பேசியை அக்காவின் பாதத்துக்கு நேராகப் பிடித்தார். வலது கால் விரல்கள் எழுந்தன. இடது கால் கட்டைவிரல் அசையவில்லை. அக்கா அதையே உற்றுப் பார்த்தாள், வேறு யாருடையதோ போல.

எவ்வளவு நாளாக இப்படி என்று மருத்துவர் கேட்டார்.

"ஒன்றர மாசமாச்சி" என்றாள் அக்கா. "மொதல்ல மதமதன்னு இருந்துது. அப்புறம் அதுவும் இல்ல."

என்னிடம் அவள் சொல்லியிருந்ததெல்லாம் வலி என்பது மட்டும்தான். விரல் செத்துப்போனதைச் சொல்லவில்லை. நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் மருத்துவர் புரட்டுவதை நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் உடனே மாற்றிச் சொல்லவில்லை.

"என்ன கேக்குறாரு?" என்றாள் அக்கா.

"அந்த டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தப்ப ஏன் பண்ணிக்கலன்னு கேக்குறாரு."

"தம்பி வர்றேன்னு சொன்னான், அதுவரைக்கும் இருக்கச் சொன்னான், அதான் இருந்தேன்னு சொல்லு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். மேரியில் இருபது வருடமாக எத்தனையோ பேருக்கு நான் மொழி மாற்றிச் சொல்லியிருக்கிறேன். விடுதலும் சேர்த்தலும் கூடாது என்பதை மற்றவர்களுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஒரு கணம், லீவு கிடைக்கவில்லை, ஊர் தூரம் என்று எதையாவது சொல்லி முடித்துவிடலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. என் தம்பி என்னைக் காத்திருக்கச் சொன்னான் என்று, அவள் சொன்னபடியே பிரெஞ்சில் சொன்னேன். தம்பி யார் என்று மருத்துவர் கேட்டார். நான்தான் என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அங்கே இருக்கிற டாக்டர் சொன்னது சரி, நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அதுவும் அன்றைக்கே செய்திருப்பேன், இனி ஒரு நாளும் தள்ளாதீர்கள் என்றார். கால் மணி நேரத்தில் ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கேட்டு வாங்கிய பதில், கோரிமேட்டில் இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருவர் தமிழிலேயே சொன்ன பதில்.

அதே ஆட்டோவில் கோரிமேடு போனோம். தனமும் கூட வந்தார். பழைய டாக்டர் படங்களைப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார், ஏன் வரவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டார், உடனே சேர்த்துக்கொண்டார். நோயாளியைப் பற்றிய படிவத்தில் உடன் இருப்பவர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று கேட்டார்கள். எனக்குப் பத்து நாளில் திரும்ப டிக்கெட். அக்கா தனத்தின் பெயரைச் சொன்னாள்.

6

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலி மறுநாளே போய்விட்டது. நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்லமுடியாது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் நடந்ததை நஸ்ரினிடம் சொன்னேன். கணினியைப் பற்றி நான் பேசிய பேச்சில் அவள் முகம் சிறுத்துப்போனது. ஒருவேளை அந்தப் பகுதியை மட்டும்தான் நான் சத்தமாகச் சொன்னேனோ என்னவோ. நீங்கள் அத்தையைக் காத்திருக்கச் சொன்னதற்கும் இந்தத் துளைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொல்லவில்லை. எந்த மொழியிலும் சொல்லவில்லை.

அவள் அதோடு விடவில்லை. ஒற்றைத் துளையில் செருகினால் ஏழு துளையாக விரிகிற ஒரு ஹப்பை வாங்கி, எனக்குத் தராமல், பாண்டிச்சேரிக்கு அத்தை பெயருக்கே அனுப்பிவிட்டாள். அக்காவிடம் கணினியே கிடையாது. இது என்ன சாமான் என்று கேட்டாள். விளக்கினேன். துணி வெட்டும்போது காற்றில் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்துக்கொள்கிறேன், கனமாக நன்றாக இருக்கிறது என்றாள். அந்தக் கம்பெனிக்காரர்கள் செய்த பொருளுக்கு உருப்படியான ஓர் உபயோகத்தை நான் அறிந்தது அப்போதுதான்.

அக்கா இப்போது நடக்கிறாள். மெஷினுக்கு மோட்டார் வைத்து வலது காலால் அமுக்கித் தைக்கிறாள். இடது கால் முன்பாதத்தில் மட்டும் உணர்வு வரவில்லை. போன வாரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, சாயங்காலங்களில் கடற்கரை வரைக்கும் நடந்துபோய் வருவதாகச் சொன்னாள். கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கஷ்டமும் இல்லை என்றாள். இடது காலில் செருப்பு கழன்று விழுந்தால் மட்டும் தனக்குத் தெரிவதில்லையாம். கொஞ்ச தூரம் வெறுங்காலோடு போய்விடுகிறாளாம்.

"பின்னால வர்றவங்க யாராச்சும் சொல்லுவாங்க" என்றாள். "எடுத்துக் குடுத்துட்டுக்கூடப் போறாங்க. நம்ம ஊர்தான, ஆளுங்க இருக்குறாங்க."

ஆமாம் என்றேன். அவள் பின்னால் நடந்துவருகிறவர்கள் யார் யாரோ. நான் இங்கே இருக்கிறேன்.